ஜாவா போனது, மைசூரு பிழைத்தது... தொழிலாளி?

2018 நவம்பர் 15. மும்பையில் நடந்த அறிமுக விழாவில் பழைய பெயர் ஒன்று புது பெயின்ட் பூசிக்கொண்டு மேடையேறியது. ஜாவா! மகிந்திரா குழுமத்தின் ஆதரவுபெற்ற கிளாசிக் லெஜெண்ட்ஸ் நிறுவனம் வண்டிகளைக் காட்டியதும், ஐம்பதைத் தாண்டியவர்கள் கல்லூரிக் காலத்துக்கே போய்விட்டார்கள். அந்த வண்டியை ஓட்டியே பார்த்திராத இளைஞர்கள் முன்பணம் கட்ட முண்டியடித்தார்கள். 2022 ஜனவரியில் யெஸ்டியும் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் இந்த இரண்டு பெயர்களுக்கும் சொந்த ஊர் மைசூரு. ஆனால், இன்றைய ஜாவாவும் யெஸ்டியும் தயாராவது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். பெயர் திரும்பிவிட்டது, வேலை திரும்பவில்லை.

அதற்காக மைசூரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. தசரா என்றால் விடுதிகளில் அறை கிடைக்காது. 2023 மார்ச்சில் பெங்களூரு விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ஓய்வுபெற்றவர்களும் மென்பொருள்காரர்களும் வீட்டுமனை தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஆலை மூடிய ஊர் என்றால் நினைவுக்கு வரும் காட்சி வேறு: கண்ணாடி உடைந்த கட்டடங்கள், ஷட்டர் இறங்கிய கடைத்தெரு, வெளியூர் போய்விட்ட பிள்ளைகள். மைசூருக்கு அது பொருந்தாது.

சிக்கலும் அங்கேதான். ஊர் பிழைத்துக்கொண்டதாலேயே, ஆலை வாசலில் வேலை இழந்து நின்றவர்கள் யார் கண்ணிலும் படாமல் போனார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் மைசூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நின்றுபோன ஆலைகளை வரிசையாகப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். அவற்றில் பலவற்றின் மறுமுனை ஐரோப்பாவில் இருந்தது.

செக் நாட்டு வண்டி, யாதவகிரி முகவரி

ஜாவாவே ஒரு மூடுவிழாவில் பிறந்த பெயர்தான். ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனம் 1929-ல் மோட்டார் சைக்கிள் தொழிலைக் கைகழுவ முடிவு செய்தபோது, அதன் வடிவமைப்பையும் கருவிகளையும் பிராகாவைச் சேர்ந்த பிரான்டிசெக் யானெசெக் வாங்கிக்கொண்டார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துகளையும் ஒட்டி 'ஜாவா' என்று வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிறுவனம் அரசுடைமையானது. செக்கோஸ்லோவாக்கியாவின் பெருமைமிக்க ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றாக இந்த வண்டி உலகம் சுற்றியது.

அதை மைசூருக்குக் கொண்டுவந்தவர்கள் ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி. அயல்நாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். இங்கேயே செய்தால்தான் விற்க முடியும். 1960-ல் ஐடியல் ஜாவா நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு யாதவகிரி ஆலையைத் திறந்துவைத்தவர் அன்றைய மாநில ஆளுநரும் மைசூரின் கடைசி மன்னருமான ஜெயசாமராஜ உடையார். செக் நாட்டு உரிமத்தின் காலம் முடிந்த பிறகு, 1973-ல் வண்டி 'யெஸ்டி' ஆனது. இரானிகளின் பூர்விகமான யஸ்த் நகரின் நினைவாக வைத்த பெயர் அது.

வண்டியை ஓட்டியவர்கள் இன்றும் மறக்காத ஒன்று அந்த இடது பக்க லீவர். அதை உள்ளே அழுத்தி மேல்நோக்கித் திருப்பினால் கிக்கர். ஒரு மிதி மிதித்து இன்ஜின் பிடித்துக்கொண்டதும் மறுபடி முன்னால் திருப்பினால் அதுவே கியர். சிலிண்டர் ஒன்றுதான், சைலன்சர் இரண்டு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கே உரிய நீலப் புகையோடு, தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பெட்ரோலோடு ஆயிலையும் சரியான அளவில் கலந்து ஊற்ற வேண்டும். அளவு தப்பினால் புகை கூடும், பிளக் கரி பிடிக்கும்.

இந்த வண்டியை வீழ்த்தியது 100 சி.சி. 1980-களில் மத்திய அரசு ஜப்பானியக் கூட்டுக்குக் கதவைத் திறந்தது. 1984-ல் இந்த் சுசூகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100, தொடர்ந்து கவாசாகி பஜாஜ் என்று வரிசையாக இறங்கின. அதில் ஹீரோ ஹோண்டா நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்தது; ஒரு லிட்டருக்கு யெஸ்டியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஓடியது. மாதச் சம்பளக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார், யெஸ்டி தோற்றது. 1991-ல் புகைக் கட்டுப்பாடு வந்தது, 1996-ல் அது மேலும் கடுமையானது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான இழுபறியும் சேர்ந்துகொள்ள, 1996-ல் ஆலை நின்றது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் செக் நாட்டிலும் ஜாவா தள்ளாடிக்கொண்டிருந்தது. 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்து, சோவியத் முகாமின் சந்தை கரைந்ததும் அங்கே உற்பத்தி சரிந்தது. 1997-ல் உருவான ஒரு புதிய, சிறிய நிறுவனம் அந்தப் பெயரைத் தாங்கிப் பிடித்தது. தாயும் மகளும் ஒரே காய்ச்சலில் படுத்தார்கள். அடைகாத்து வைத்திருந்த சந்தை திறந்ததும், பழைய இன்ஜினை மாற்றப் பணமும் நேரமும் இல்லாமல் போனதுதான் இருவருக்கும் நோய்.

ஐரோப்பா விட்டது, மைசூரு பிடித்தது

ஜாவா மட்டுமல்ல. மேட்டகள்ளியில் இருந்த ஃபால்கன் டயர்ஸ், 'டன்லப்' என்ற பிரிட்டிஷ் பெயரில் இரு சக்கர வாகன டயர்களைச் செய்துவந்தது. பிரிட்டனில் டன்லப் நிறுவனம் 1985-லேயே வேறு கைக்குப் போய்விட்டது. இந்தியாவில் அந்தப் பெயரும், அதோடு ஃபால்கனும் முதலில் சாப்ரியா குழுமத்திடம் இருந்தன. 2005-ல் ருயா குழுமத்திடம் போயின. 2010-களின் நடுவில் ஃபால்கன் ஆலையில் உற்பத்தி நின்றது. சம்பள பாக்கி கேட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். அதே பகுதியில் விக்ராந்த் டயர்ஸ் 1997-ல் ஜே.கே. குழுமத்தின் கைக்குப் போய் இன்றுவரை ஓடுகிறது. டயர் தொழில் சாகவில்லை. முதலீடு செய்யும் முதலாளி கிடைத்த ஆலை தப்பியது, கிடைக்காத ஆலை விழுந்தது.

நஞ்சன்கூடு பக்கம் போனால் ரீட் அண்ட் டெய்லர். ஸ்காட்லாந்தின் லாங்ஹோம் என்ற சிற்றூரில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கம்பளித் துணி ஆலையின் பெயர் அது. 1990-களின் கடைசியில் எஸ். குமார்ஸ் குழுமம் அந்தப் பெயரை மைசூருக்குக் கொண்டுவந்தது. அமிதாப் பச்சன் விளம்பரத்தில் கோட் சூட் போட்டு நின்றார். கல்யாண மாப்பிள்ளைக்கு எடுக்கும் சூட் துணியாக ஊர் ஊராகப் போனது. பிறகு கடன் கழுத்தை நெரித்தது. 2018-ல் திவால் சட்டத்தின் கீழ் வழக்கு, 2019-ல் கலைப்பு உத்தரவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள், ஆலையை யார் வாங்குவார்கள், வாங்கினால் தங்களை வைத்துக்கொள்வார்களா என்று காத்திருந்தன. லாங்ஹோமில் இருந்த மூல ஆலை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நெருக்கடியில் விழுந்திருந்தது.

2020 ஜூனில் நடந்தது இன்னும் நேரடியானது. மைசூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸின் யூரோ குளோத்திங் கம்பெனி-2, ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனத்துக்கு உடைகள் தைத்துவந்தது. கொரோனாவில் ஐரோப்பியக் கடைகள் மூடின, ஆர்டர் குறைந்தது. ஆலையிலிருந்து இயந்திரங்கள் வெளியேற்றப்பட்டதும் தொழிலாளர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போனவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். பெரும்பாலோர் பெண்கள், மாண்டியா, மைசூரு கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து போனவர்கள். சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வரை பிரச்சினை போனது. 2021 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டு, மைசூரில் உள்ள இன்னோர் ஆலையில் பலரைத் திரும்ப எடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

மூன்றிலும் ஒரு வரிசை தெரிகிறது. ஐரோப்பாவில் கட்டுப்படியாகாத தொழில், கூலி குறைந்த இடம் தேடி வருகிறது. பெயர், உரிமம், ஆர்டர் மூன்றும் அங்கே. கை மட்டும் இங்கே. அங்கே தும்மினால் இங்கே ஷிப்ட் குறைகிறது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பாதை புதிதல்ல. நோக்கியா 2008-ல் ஜெர்மனியின் போஹும் ஆலையை மூடியது. ஏறத்தாழ 2,300 பேருக்கு வேலை போனது. உற்பத்தி ருமேனியாவுக்குப் போய் அங்கேயும் 2011-ல் நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. போஹும் தொழிலாளர்களுக்காக நிறுவனம் 20 கோடி யூரோ ஒதுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியிலிருந்தும் மறுபயிற்சிக்குப் பணம் போனது. ஸ்ரீபெரும்புதூரில் பெரும்பாலோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களில் பலருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

பதினைந்து நாள் கணக்கு

'வெளிநாட்டில் என்றால் அள்ளிக் கொடுப்பார்கள்' என்று சொல்வது வழக்கம். கணக்கைப் பார்ப்போம்.

ஆலையை மூடினால் இந்தியச் சட்டப்படி நட்ட ஈடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 1972-ல் இருபது வயதில் ஒரு மைசூரு ஆலையில் சேர்ந்தவரை எடுத்துக்கொள்வோம். 1996-ல் அவருக்கு 44 வயது, 24 ஆண்டு சர்வீஸ். நட்ட ஈடு 360 நாள் சம்பளம். பணிக்கொடையும் ஏறத்தாழ அதே அளவு வரும், பி.எஃப். தனி. ஓய்வு வயதான 58-க்கு இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன.

இப்போது வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட். டாடா ஸ்டீல் 2007-ல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியபோது அதோடு வந்த ஆலை. 2024 செப்டம்பர் 30-ல் அங்கே கடைசி ஊதுலை அணைக்கப்பட்டது. பிரிட்டனில் டாடா ஸ்டீலில் மொத்தம் 2,800 வேலைகள் வரை போகும் என்று கணக்கிடப்பட்டது. விருப்ப ஓய்வுக்கு நிறுவனம் அறிவித்தது, ஓராண்டு சர்வீஸுக்கு 2.8 வாரச் சம்பளம். அதாவது இருபது நாளுக்கும் சற்றுக் குறைவு.

பதினைந்துக்கும் இருபதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பிறகு வருகிறது. போர்ட் டால்பட்டில் கையில் பணம் வந்த பிறகும் மருத்துவம் இலவசம். வேலையில்லாதோருக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஊரை மாற்றியமைப்பதற்கென 10 கோடி பவுண்டு நிதி ஆலை அணையும் முன்பே அறிவிக்கப்பட்டது. அதுவே போதாது என்று தொழிற்சங்கங்கள் சண்டை போட்டன. மைசூரில் வேலை இழந்து நின்றவருக்கு இ.எஸ்.ஐ. அட்டையும் செல்லாது, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நிற்காது.

ஓய்வூதியம்? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்ததே 1995 நவம்பர் 16-ல்தான். யெஸ்டி ஆலை நிற்பதற்குச் சில மாதங்கள் முன்பு. அதற்கு முந்தைய சர்வீஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தாலும், அட்டவணையில் அதற்கான அடிப்படைத் தொகை மாதம் 150 ரூபாய், மிஞ்சினால் 170. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. இன்றைய மைசூரில் ஒரு மாத மருந்துச் சீட்டுக்கே அது கட்டாது.

இன்னொரு வித்தியாசம், பணம் வரும் வேகம். ஐடியல் ஜாவாவைக் கலைக்க உயர் நீதிமன்றம் 2001-ல் உத்தரவிட்டது. நிறுவனத்தின் கடைசிச் சொத்துகளில் ஒன்றான 'யெஸ்டி' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தது 2022 டிசம்பரில். அதன்மீதும் மேல்முறையீடு போனது. ஆலை நின்று கால் நூற்றாண்டு கடந்தும் நிறுவனத்தின் சொத்துக்கணக்கு முடிந்திருக்கவில்லை. மூடும்போது 44 வயதாக இருந்தவர் 2022-ல் எழுபதைத் தொட்டிருப்பார்.

கண்ணில் படாத வேலையின்மை

பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் 1984–85-ல் தோற்றபின், சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆனால், அந்த ஊர்களில் வேலையில்லாதோர் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. ஏன் என்று ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கில்லும் தோண்டினார்கள். வேலை இழந்த ஆண்களில் பெரும் பங்கினர் 'உடல்நலமில்லாதவர்' உதவித்தொகைப் பட்டியலுக்கு நகர்ந்திருந்தது தெரிந்தது. அவர்கள் வேலை தேடுவோர் கணக்கிலேயே இல்லை.

மைசூரில் அப்படிப்பட்ட உதவித்தொகை கிடையாது. எனவே யாரும் சும்மா இருக்க முடியாது. லேத் ஓட்டியவர் ஆட்டோ ஓட்டினார். ஃபவுண்டரியில் நின்றவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சீருடை போட்டார். வண்டி வேலை கைக்கு நன்றாக வந்தவர்கள் மெக்கானிக் கடை போட்டார்கள். அவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். யெஸ்டிக்கு இன்றும் கிளட்ச் பிளேட் மாற்றத் தெரிந்த கை மைசூரில் கிடைக்கும் என்று வெளியூர் ரசிகர்கள் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. கணக்கெடுப்பில் அவர்கள் 'வேலையில் உள்ளவர்கள்'. சம்பளம் பாதியானதையும், பி.எஃப். நின்றதையும், கேன்டீனும் கூட்டுறவுக் கடன் சங்கமும் கைவிட்டுப் போனதையும் பதிவு செய்ய அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

'பெர்மனென்ட்' என்ற சொல்லின் கனம் தெரியாதவர்களுக்கு இந்த இழப்பு புரியாது. பெர்மனென்ட் ஆனவருக்கு வங்கியில் கடன் கிடைக்கும், பெண் கொடுப்பார்கள், மளிகைக் கடையில் நோட்டு போடுவார்கள். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக நுழைந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நிலையை அடையும் வழி ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பு படித்த பையனை நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுபோன வழி. மைசூரு இழந்தது அதைத்தான். இன்றும் ஆலைகளில் ஆள் எடுக்கிறார்கள், கான்ட்ராக்டில்.

ஐரோப்பாவில் இந்த மனக்கசப்பு வாக்குப்பெட்டிக்குப் போனது. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்த ஊர்களில் பழைய கப்பல் கட்டும் தளமும் சுரங்கமும் இருந்த சண்டர்லாண்டும் ஒன்று, 61 சதவீதம். பிரான்சின் பழைய சுரங்க ஊரான எனின்-போமோன் 2014-ல் தீவிர வலதுசாரிக் கட்சியின் மேயரைத் தேர்ந்தெடுத்தது. மைசூரில் ஆலைத் தொழிலாளி தனி வாக்கு வங்கியாக ஒருபோதும் திரளவில்லை. சாதி, மொழி, கட்சி என்று பல பைகளில் அந்தக் கோபம் பிரிந்துபோய்விட்டது.

தங்கவயலில் மறைக்க இடமில்லை

மாற்று வேலைக்கு வழியே இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது. அது தமிழர்களின் ஊரும்கூட.

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880-ல் கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், சுரங்கத்துக்கு வந்து லைன் வீடுகளில் குடியேறின. ஊர்க் கொடுமையிலிருந்து தப்பிக்க அது ஒரு வழி. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டதும் அதனால்தான். மைசூரு அரசு காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் அமைத்து 1902-ல் மின்சாரத்தை முதலில் அனுப்பிய இடம் இந்தத் தங்கவயல். மைசூரு நகரத்துக்கும் பெங்களூருக்கும் விளக்கு எரிந்தது அதற்குப் பிறகுதான்.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. தங்கம் குறையக் குறைய, எடுக்கும் செலவு விலையைத் தாண்டியது. சுரங்கத்தை அப்போது நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மூடியது வேலைத்தளம் மட்டுமல்ல. குடியிருப்பு, தண்ணீர், மருத்துவமனை எல்லாமே கம்பெனி கொடுத்தவை. இங்கே மைசூரைப்போல ஓய்வூதியர் வரவில்லை, சுற்றுலா வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூரு போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைட் மேடுகளிலிருந்து காற்றடிக்கும் நாளில் தூசி வீட்டுக்குள் வந்து படிகிறது. அந்த மேடுகளில் பதின்மூன்றை, ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் கிடப்பவற்றை, மீண்டும் சலித்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எத்தனை பேருக்கு வேலை என்பதுதான் லைன் வீடுகளில் கேட்கும் கேள்வி.

ஜெர்மனியின் ரூர் பகுதியும் இதுபோல் நிலக்கரியைப் பெரிதும் நம்பியிருந்தது. அங்கே 1950-களின் கடைசியிலேயே சரிவு தொடங்கியது. கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது 2018 டிசம்பர் 21-ல். அறுபது ஆண்டு அவகாசம்! இடையில் 1965-ல் போஹுமில் பல்கலைக்கழகம் திறந்தார்கள்; வயதான தொழிலாளிக்கு முன்கூட்டியே ஓய்வும் இடைக்கால உதவித்தொகையும் கொடுத்தார்கள்; 1986-ல் மூடிய சோல்வெரைன் சுரங்கத்தை அருங்காட்சியகமாக்கினார்கள். அது 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தங்கவயல் மூடப்பட்டதும் அதே ஆண்டுதான். இவ்வளவு செய்தும் ரூர் நகரங்களில் வேலையின்மை ஜெர்மனியின் சராசரியைவிட அதிகம்தான். அரசின் பணமும் அறுபது ஆண்டுகளும் அடியின் வேகத்தைக் குறைத்தன, அடியை நிறுத்தவில்லை.

தாக்குப்பிடித்தவை எப்படித் தப்பின?

மைசூரில் எல்லாமே விழுந்துவிடவில்லை. மானந்தவாடி சாலையில் 1912-ல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய அரசுப் பட்டு நெசவாலை இன்றும் ஓடுகிறது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பத்துத் தறிகளோடு ஆரம்பித்தது. இப்போது மைசூரு பட்டுச் சேலைக்குக் கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கிறது, தறிதான் போதவில்லை.

சந்தன எண்ணெய் ஆலையின் பிறப்பு இன்னும் சுவையானது. 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த மைசூரு சந்தனக் கட்டை துறைமுகம் போகாமல் தேங்கியது. திவான் விஸ்வேஸ்வரய்யாவின் அரசு, இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களைக் கொண்டு இங்கேயே எண்ணெய் எடுக்க ஏற்பாடு செய்தது. 1917-ல் மைசூரு ஆலை எழுந்தது. ஐரோப்பாவின் நெருக்கடி இங்கே ஓர் ஆலையைப் பெற்றுத் தந்த கதை இது.

1937-ல் அரக்கு, பெயின்ட் ஆலையாகத் தொடங்கிய இன்றைய மைசூரு பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ், 1962 தேர்தல் முதல் நாட்டுக்கே அழியாத மை தருகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட குப்பிகள். வெளிநாடுகளுக்கும் போகிறது.

மூன்றிலும் மூலப்பொருளோ, செய்முறையோ, வாங்குபவரோ, ஏதாவது ஒன்று உள்ளூரோடு கட்டுண்டு கிடக்கிறது. உரிமத்தைத் திருப்பிக் கேட்க வெளிநாட்டில் யாரும் இல்லை. அரசு ஆலை என்பதால் மட்டும் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. இதே மைசூரு அரசு 1923-ல் தொடங்கிய பத்ராவதி இரும்பாலை, பொதுத்துறை நிறுவனமான செயிலின் கையில் இருந்தும் மூடுவிழா அறிவிப்பைச் சந்தித்தது. மேலும், தப்பிய மூன்றும் சிறியவை. ஜாவா, ஃபால்கன் போன்ற ஆலைகள் விட்டுப்போன வேலைகளை இவற்றால் ஈடுகட்ட முடியாது.

ஹூட்டகள்ளிப் பக்கம் ஏறத்தாழ 350 ஏக்கரில் விரிந்திருக்கும் இன்ஃபோசிஸ் வளாகம் ஈடுகட்டியதா? ஊருக்கு ஈடுகட்டியது. வாடகை ஏறியது, உணவகம் பெருகியது, பொறியியல் படித்த பிள்ளைகள் நாடு முழுவதிலிருந்தும் பயிற்சிக்கு வந்தார்கள். ஆனால், அந்த வாசலில் நுழையத் தேவை பட்டம். 44 வயது டர்னருக்கு அங்கே கிடைத்தது தோட்ட வேலையும் காவல் வேலையும்தான். பட்டம் உள்ளவருக்கும் அது கெட்டி வேலை என்று சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் உள்மதிப்பீட்டில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அதே வளாகத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். தொழிலாளர் துறை விசாரணைக்கு வந்தது.

அடுத்த மூடுவிழாவுக்கு முன்

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பு நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இருந்த வரம்பு இப்போது முந்நூறு. மைசூரைச் சுற்றியுள்ள நடுத்தர ஆலைகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். எளிதாக மூட முடிந்தால்தான் எளிதாகத் திறப்பார்கள் என்பது தொழில் நடத்துவோரின் வாதம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண்களுக்காகத் தொழிற்சங்கம் வாதாடியபோது கையில் இருந்த முக்கியப் பிடி அந்த முன் அனுமதி விதிதான் என்பது மறுதரப்பு வாதம்.

இதே சட்டத்தில் புதிதாக ஒன்றும் இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, வேலை இழந்த ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பதினைந்து நாள் தொகையை மறுபயிற்சி நிதியில் கட்ட வேண்டும்; அது 45 நாளில் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். யோசனை நல்லது. பதினைந்து நாள் சம்பளத்தில் ஒரு வெல்டர் என்ன புதுத் தொழில் கற்றுக்கொள்வார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

மின்னணுச் சாதன உற்பத்திக்கு மைசூரு அருகே கோச்சனஹள்ளியில் அரசு இடம் ஒதுக்கி, நிறுவனங்களை அழைத்துக்கொண்டிருக்கிறது. நிலத்துக்கும் மின்சாரத்துக்கும் வரிக்கும் சலுகை தரும் ஒப்பந்தங்களில், எத்தனை பேருக்கு வேலை என்ற எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். அதில் எத்தனை பெர்மனென்ட், உள்ளூர் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு எத்தனை இடம், ஆர்டர் நின்று ஆலை மூடினால் சம்பள பாக்கிக்கு எந்த வைப்புத்தொகை என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லலாம். யாதவகிரியிலும் மேட்டகள்ளியிலும் அந்த வரிகளை யாரும் எழுதி வாங்கவில்லை. கோச்சனஹள்ளியில் இன்னும் நேரம் இருக்கிறது.